மெடிக்கல் ஒபிஸ் அட்மின் படிக்க யோசிக்கிறேன்: இரண்டு வருட அரச கொலிஜா, கெதியாக முடியும் தனியார் படிப்பா?

செவ்வந்தி

எல்லாருக்கும் வணக்கம். கனடாவில், ரொறன்ரோவின் ஸ்காபரோவில் இருக்கிறேன், வயது நாற்பதை நெருங்குகிறது. யாழ்ப்பாணத்தில் உயர்தரம் உயிரியல் பிரிவில் படித்தேன், கம்பஸ் கிடைக்கவில்லை. இங்கே வந்ததிலிருந்து பக்டரியில் பாக்கிங் வேலை. சின்னவளும் இப்போது முழுநாள் பள்ளிக்கூடம் போகிறாள். எனக்குத் தோள்மூட்டு நோகத் தொடங்கிவிட்டது. இந்த வேலையைக் கனகாலம் இழுக்க முடியாது.

டொக்டர் ஒபிஸில் முன்மேசை, பில்லிங் வேலை செய்ய ஆசை. விசாரித்ததில் இரண்டு வழி தெரிகிறது. அரச கொலிஜில் ஒபிஸ் அட்மினிஸ்ட்ரேஷன் ஹெல்த் சேர்விசஸ் டிப்ளோமா, இரண்டு வருடம். தனியார் கொலிஜ் ஒன்றில் அதே மாதிரிப் படிப்பை ஒரு வருடத்துக்குள் முடிக்கலாம் என்கிறார்கள், ஆனால் காசு பல மடங்கு. அங்கே கேட்டதற்கு அன்றைக்கே கையெழுத்துப் போடச் சொல்லி நெருக்கினார்கள், நான் போடாமல் வந்துவிட்டேன்.

யாராவது இந்தத் துறையில் இருந்தால் உண்மை நிலவரத்தைச் சொல்லுங்கள். வேலை கிடைக்குமா? என் ஆங்கிலம் விளங்கும், ஆனால் ரெலிபோனில் கதைப்பது பயம். ரைப்பிங்கும் மெதுவு.

முன்மேசை

தங்கச்சி, கையெழுத்துப் போடாமல் வந்தது நல்லது. படிப்பை விற்கிறவர் அவசரப்படுத்தினால் நாங்கள் ஆறுதலாக இருக்க வேண்டும்.

நான் ஒரு குடும்ப டொக்டர் கிளினிக்கில் பல வருடமாக வேலை செய்கிறேன். முதலில் வேலை என்னவென்று சொல்கிறேன், படிப்பைப் பற்றி அப்புறம் கதைக்கலாம். வெளியில் இருந்து பார்த்தால், கதிரையில் இருந்து பெயர் கூப்பிடுகிற வேலை போலத் தெரியும். திங்கட்கிழமை காலை எங்கள் கவுன்டரில் வந்து நின்று பாருங்கள். மூன்று லைன் ஒரே நேரத்தில் அடிக்கும். ஒருவர் பிள்ளைக்குக் காய்ச்சல், இன்றைக்கே பார்க்க வேண்டும் என்பார். மருந்துக்கடைக்காரர் மருந்தை நீட்டித் தரச் சொல்லி ஃபக்ஸ் அனுப்பியிருப்பார். முன்னால் நிற்கிற ஐயா கார்டை நீட்டியபடி நிற்பார். எக்ஸ்ரே முடிவு வந்ததா என்று இன்னொருவர் கேட்பார். இதற்கிடையில், கதிரையில் இருக்கிற ஒருவருக்கு முகம் வெளிறி வியர்க்கிறது என்பதை நீங்கள்தான் முதலில் காண வேண்டும். கண்டவுடன் மற்ற எல்லாவற்றையும் விட்டுவிட்டு நேர்ஸைக் கூப்பிட வேண்டும்.

கார்ட் விஷயத்தைச் சொல்கிறேன், ஏனென்றால் புதிதாக வருகிறவர்கள் தடுக்குப்படுகிற முதல் இடம் அதுதான். ஒன்ராறியோ ஹெல்த் கார்டில் பத்து இலக்க எண் இருக்கும், அதன் பின்னால் இரண்டு எழுத்து வேர்ஷன் கோட். கார்டைப் புதுப்பித்தாலோ தொலைத்துவிட்டுப் புதிது எடுத்தாலோ பத்து இலக்கமும் அப்படியே இருக்கும், அந்த இரண்டு எழுத்து மாறிவிடும். பழைய எழுத்தோடு ஓஹிப்புக்கு, அதாவது டொக்டருக்குக் காசு தருகிற மாகாண மருத்துவக் காப்புறுதிக்கு, பில் அனுப்பினால் திரும்பி வரும். அதனால் எத்தனை வருடம் தெரிந்த ஆளாக இருந்தாலும் ஒவ்வொரு முறையும் கார்டை வாங்கிப் பார்க்க வேண்டும். "என்னைத் தெரியாதா பிள்ளை?" என்று கோபிப்பார்கள். சிரித்துக்கொண்டே வாங்க வேண்டும்.

என் எண்ணம் இரண்டு வருட டிப்ளோமாவுக்குத்தான். காரணத்தைப் பிறகு எழுதுகிறேன், மேசைக்கு ஆள் வந்துவிட்டது.

ஆதவன்_மார்க்கம்

நான் மறுபக்கம் சொல்கிறேன். என் மனைவி தனியார் கொலிஜில்தான் படித்தார். பத்து மாதத்தில் முடித்தார், கொஞ்ச நாளிலேயே ஒரு ஸ்பெஷலிஸ்ட் ஒபிஸில் வேலை. இந்த வேலைக்கு ஒன்ராறியோவில் லைசன்ஸ் கிடையாது, நேர்ஸ் மாதிரிச் சோதனை எழுதிப் பதிவு செய்யத் தேவையில்லை. டொக்டர் எடுத்தால் வேலை, அவ்வளவுதான். ஒரு வருடம் முந்தி வேலைக்குப் போனால் அந்த ஒரு வருடச் சம்பளம் கையில். சட்டப்படியான அடிப்படைச் சம்பளமே 2025 ஒக்டோபரில் மணிக்கு 17.60 டாலர் ஆகிவிட்டது. முழுநேர வேலை என்றால் வருடத்துக்கு எவ்வளவு வரும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். வீட்டு மோர்ட்கேஜ் இரண்டு வருடம் காத்துக்கொண்டு இருக்காது.

முன்மேசை

ஆதவன் தம்பி, உங்கள் மனைவிக்குக் கிடைத்தது சந்தோஷம். எங்கள் கிளினிக்கிலும் தனியாரில் படித்த ஒரு பிள்ளை நல்ல கெட்டிக்காரி. தனியாரில் படித்தவர் எல்லாம் மோசம் என்று நான் சொல்லவில்லை.

ஆனால் கணக்கை முழுதாகப் போட வேண்டும். அரச கொலிஜில், இங்கே நிரந்தரவாசியாகவோ குடியுரிமையோடோ இருக்கிறவருக்கு ஆண்டுக் கட்டணம் மற்றச் செலவுகளும் சேர்த்து ஏறத்தாழ 3000 முதல் 4000 டாலர். 2019இல் மாகாண அரசு கட்டணத்தைப் பத்து வீதம் குறைத்த பிறகு பல வருடம் கூட்டாமலே வைத்திருந்தது. குறைந்த வருமானம், பிள்ளைகள் உள்ள குடும்பம் என்றால் ஓசாப் என்கிற மாகாண மாணவர் உதவித் திட்டத்துக்கு விண்ணப்பிக்கலாம். அதில் எவ்வளவு கடன், எவ்வளவு திருப்பிக் கட்டத் தேவையில்லாத உதவி என்று அரசின் இணையதளத்திலேயே கணித்துப் பார்க்க முடியும். தனியாரில் கேட்கிற தொகையைக் கடனாக எடுத்துவிட்டு, அடிப்படைச் சம்பளத்துக்குக் கொஞ்சம் மேலே தொடங்குகிற வேலையில் இருந்து கட்டிமுடிப்பது லேசான காரியம் இல்லை.

இன்னொன்று, ஆஸ்பத்திரி விளம்பரங்களைப் பாருங்கள். நிறைய இடத்தில் மெடிக்கல் செக்ரட்டரி அல்லது ஹெல்த் ஒபிஸ் அட்மின் டிப்ளோமா கேட்பார்கள். கிளினிக்கோடு நிற்பதானால் டிப்ளோமா இல்லாமலும் சமாளிக்கலாம். ஆஸ்பத்திரிக்குப் போகிற வாசலைச் சாத்தாமல் வைத்திருப்பது நல்லது.

வார்ட்_மேசை

முன்மேசை அக்கா சொன்னது சரி. நான் ஆஸ்பத்திரியில் யூனிட் கிளார்க். ஏழரைக்குத் தொடங்கினால் மேசையை விட்டு எழும்ப நேரம் கிடையாது. புது ஆள் வார்டுக்கு வந்தால் படுக்கை, கைப்பட்டி, உணவு முறை, டொக்டரின் ஓடர் எல்லாம் எங்கள் மேசையைத் தாண்டித்தான் போகும். சிரி ஸ்கானுக்கு ஆளைக் கொண்டுபோக போர்ட்டரைக் கூப்பிடுவது, வீட்டுக்கு விடுகிறவர்களுக்கு அடுத்த அப்பொயின்மென்ட் போட்டுக் கொடுப்பது, குடும்பத்தாரின் அழைப்பைச் சரியான நேர்ஸிடம் கொடுப்பது, எல்லாம் எங்கள் வேலை.

ஒளிக்காமல் சொல்கிறேன்: ஆஸ்பத்திரியில் முதல் நாளே முழுநேர வேலை கிடைப்பது அரிது. கஷுவல் என்று எடுப்பார்கள். காலை ஆறு மணிக்கு அழைப்பு வரும், "இன்றைக்கு வர முடியுமா?" என்று. நத்தார், தைப்பொங்கல், இரவு ஷிப்ட் எதுவும் பார்க்க முடியாது. சின்னப் பிள்ளைகள் இருந்தால் வீட்டில் ஒருவர் கைகொடுக்க வேண்டும். ஆனால் சீனியோரிட்டி ஏற ஏறப் பகுதிநேரம், பிறகு முழுநேரம். யூனியன் சம்பளம், ஹூப் என்று சொல்கிற ஹெல்த்கேர் பென்ஷன் திட்டம், பல்லுக்கும் கண்ணுக்கும் காப்புறுதி. சின்னக் கிளினிக்குகளில் இவை எதுவும் இல்லாமல் இருக்கலாம். நாற்பது வயதில் தொடங்குகிறவருக்குப் பென்ஷன் சின்ன விஷயம் இல்லை, செவ்வந்தி.

கணக்குப்பிள்ளை

எல்லாரும் மேசையைப் பற்றியே எழுதுகிறீர்கள். நான் பில்லிங் மட்டும் செய்கிறவன், சில டொக்டர்களுக்கு வீட்டில் இருந்தபடி. இந்தப் படிப்பில் ஒரு பாடத்தை மட்டும் உயிரைக் கொடுத்துப் படிக்கச் சொன்னால் ஓஹிப் பில்லிங்கைத்தான் சொல்வேன்.

எப்படி வேலை செய்கிறது என்றால், ஒருவர் தடிமன் என்று வருகிறார். டொக்டர் பார்க்கிறார். சின்னப் பார்வை என்றால் ஏ001, வழமையான பார்வை என்றால் ஏ007, தலை முதல் கால் வரை முழுதாகப் பார்த்தால் ஏ003. ஒவ்வொன்றுக்கும் காசு வேறு. கூடவே நோயின் மூன்று இலக்கக் கோட் போட வேண்டும். தடிமனுக்கு 460, உயர் இரத்த அழுத்தம் 401, நீரிழிவு 250. இவை கொஞ்ச நாளில் மனப்பாடமாகிவிடும். கோட் தெரிந்தால் மட்டும் போதாது. எந்தக் கோடை எந்தக் கோடோடு ஒரே நாளில் போடலாம், எதைப் போட்டால் ஃபைலில் என்ன எழுதியிருக்க வேண்டும், அதே ஏ003ஐப் பன்னிரண்டு மாதத்துக்குள் இன்னொரு முறை போட என்ன நிபந்தனை, இதெல்லாம் மாகாணத்தின் கட்டண அட்டவணையில் இருக்கும். பெரிய புத்தகம். அரசின் தளத்தில் இலவசமாகவே கிடக்கிறது. நிறையப் பேர் திறந்தே பார்ப்பதில்லை.

பில் அந்த மாதம் 18ஆம் திகதிக்குள் போய்ச் சேர்ந்தால் காசு அடுத்த மாத நடுவில் வரும். திரும்பி வந்தவற்றின் பட்டியல் தனியாக வரும். வேலை தெரிந்தவரா இல்லையா என்பது அந்தப் பட்டியலில்தான் தெரியும். முன்பெல்லாம், நோயாளியைப் பார்த்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் பில் அனுப்பலாம் என்று இருந்தது. 2023 ஏப்ரலில் இருந்து மூன்று மாதம்தான். திரும்பி வந்த பில்லைக் கவனிக்காமல் லாச்சிக்குள் போட்டுவைத்தால் டொக்டருக்குக் காசு போய்விடும். அதைத் தேடித் திருத்தி மீட்டுக் கொடுக்கிற ஆளை எந்த டொக்டரும் விடமாட்டார்.

செவ்வந்தி

கணக்குப்பிள்ளை அண்ணா, இதை வாசிக்க எனக்கு ஆசைதான் கூடுகிறது. எனக்குக் கணக்கு பிடிக்கும். பக்டரியிலும் லேபல் எண் பிழைத்தால் நான்தான் கண்டுபிடிப்பேன்.

ஆனால் வீட்டில் ஒரு கதை. என் மாமியார் பக்கத்துச் சொந்தம் ஒருவர், "கொலிஜ் டிப்ளோமா எல்லாம் படிப்பா, யூனிவர்சிட்டி போக முடியாதவர்கள் போகிற இடம்" என்றார். மனது சோர்ந்துவிட்டது.

பெரியவர்_72

பிள்ளை, அந்தக் கதையைக் காதில் போடாதேங்கோ. இந்தக் கொலிஜ்களை 1965இல் சட்டம் போட்டு உருவாக்கினார்கள். அப்போது கல்வி அமைச்சராக இருந்தவர் பில் டேவிஸ், பிறகு ஒன்ராறியோ முதலமைச்சராகவும் வந்தார். யூனிவர்சிட்டிக்குப் போகாத சனத்துக்கும் தொழில் கற்றுக்கொள்ள ஒரு இடம் வேண்டும், அதுவும் அவரவர் ஊரிலேயே வேண்டும் என்பதுதான் நோக்கம். முதலில் திறந்தது எது தெரியுமோ? சென்டெனியல் கொலிஜ், 1966இல், நீங்கள் இருக்கிற ஸ்காபரோவிலேதான். இன்றைக்கு மாகாணம் முழுக்க 24 அரச கொலிஜ் இருக்கிறது. எங்கள் சனம் வந்திறங்கிய காலத்தில் எத்தனையோ பேர் பகலில் உணவகத்தில் வேலை, பின்னேரம் கொலிஜ் என்று படித்துத்தான் கணக்காளராகவும் நேர்ஸாகவும் நிமிர்ந்தவை. யூனிவர்சிட்டி டிகிரியை வைத்துக்கொண்டு வேலை தேடி, பிறகு கொலிஜுக்கு வருகிற பிள்ளைகளும் கன பேர்.

சொல்தேடி

நான் இப்போது இந்தப் படிப்பில் இரண்டாவது செமஸ்டர். அக்காவுக்கு வகுப்புக்குள் என்ன நடக்கிறது என்று சொல்கிறேன்.

முதல் செமஸ்டரில் மெடிக்கல் ரெர்மினோலஜி, உடற்கூறு, கீபோர்டிங், வேர்ட், ஆங்கிலத் தொடர்பாடல். அக்கா உயிரியல் படித்தவர் என்றால் உடற்கூறில் பாதிப் பாரம் குறைந்துவிடும். ரெர்மினோலஜியை நிறையப் பேர் சொல் சொல்லாகப் பாடமாக்கப் பார்த்து மூச்சுத் திணறுகிறார்கள். முன்னொட்டு, அடி, பின்னொட்டு என்று பிரித்துப் படித்தால் லேசு. "ஐடிஸ்" என்று முடிந்தால் அழற்சி, "எக்டமி" என்றால் வெட்டி அகற்றுவது, "ஒட்டமி" என்றால் வெட்டித் திறப்பது, "ஒஸ்டமி" என்றால் வெளியே வழி வைப்பது. கோலி பித்தம், சிஸ்ட் பை. அப்படியென்றால் கோலிசிஸ்டெக்டமி என்பது பித்தப்பையை அகற்றுவது. நான் சின்ன அட்டைகளில் எழுதி பஸ்ஸில் போகும்போது பார்ப்பேன்.

கவனிக்க வேண்டியது ஒரே மாதிரி ஒலிக்கிற சொற்கள். டிஸ்ஃபேஜியா என்றால் விழுங்கக் கஷ்டம், டிஸ்ஃபேசியா என்றால் பேச்சு வரக் கஷ்டம். ரெஃபரல் கடிதத்தில் ஓரெழுத்து மாறினால், தொண்டையும் உணவுக்குழாயும் பார்க்கிற டொக்டரிடம் போக வேண்டியவர் நரம்பு டொக்டரின் வரிசையில் மாதக்கணக்கில் நிற்பார். எங்கள் ஆசிரியை இதற்கு மார்க் வெட்டுவதில் இரக்கமே காட்டமாட்டார். அது சரி என்றுதான் எனக்கும் படுகிறது.

ரைப்பிங் பற்றி: தொடங்கும்போது எனக்கு இரண்டு விரல்தான். தினமும் அரை மணி நேரம், கீபோர்டைப் பார்க்காமல். வேகத்தை விட்டுவிட்டுப் பிழையில்லாமல் அடிக்கப் பழகினேன், வேகம் தானாக வந்தது. வேலை விளம்பரங்களில் நிமிடத்துக்கு 45, 50 சொல் என்று கேட்பார்கள். அக்கா இப்போதே தொடங்கலாம், வகுப்புக்குக் காத்திருக்கத் தேவையில்லை.

வகுப்பில் பாதிப் பேர் பதினெட்டு, பத்தொன்பது வயது. மற்றவர்கள் அக்கா மாதிரி. ரோல் பிளே வகுப்பில், கோபத்தோடு கூப்பிடுகிற நோயாளியாக ஆசிரியை நடிப்பார். அந்த நேரத்தில் பிள்ளை வளர்த்த அம்மாக்கள்தான் நிதானமாகச் சமாளிக்கிறார்கள். சின்னப் பெடியளுக்குக் குரல் நடுங்கிவிடும்.

வார்ட்_மேசை

சொல்தேடி நல்லாகச் சொன்னீர்கள். ஒன்றைச் சேர்க்கிறேன். பிளேஸ்மென்ட், அதாவது வேலையிடத்தில் பயிற்சி, உள்ள கொலிஜாகப் பாருங்கள். எல்லாக் கொலிஜிலும் பிளேஸ்மென்ட் ஒரே அளவில் இல்லை. எத்தனை மணி நேரம், இடத்தைக் கொலிஜே பிடித்துத் தருமா, நாங்கள் தேட வேண்டுமா என்று கேட்க வேண்டும். அதற்குப் போக பொலிஸ் செக் வேண்டும், தடுப்பூசிப் பதிவும் வேண்டும். ஊரில் சின்ன வயதில் போட்ட ஊசிக்கான அட்டை யாரிடம் இருக்கிறது? எங்கள் ஆட்களில் நிறையப் பேர் இந்த இடத்தில் கடைசி நேரத்தில் ஓடித் திரிகிறார்கள். சின்னமுத்து (தட்டம்மை), ருபெல்லா, கொப்புளிப்பான், ஹெபடைடிஸ் பி எல்லாவற்றுக்கும் இரத்தப் பரிசோதனையில் எதிர்ப்புச் சக்தி இருக்கிறதா என்று பார்க்கலாம். இல்லாவிட்டால் திரும்ப ஊசி, அதற்கு இடைவெளி விட வேண்டும். காசநோய்க்கான தோல் பரிசோதனையும் இரண்டு தரம் செய்யச் சொல்வார்கள். முதல் செமஸ்டரிலேயே குடும்ப டொக்டரிடம் போய்விடுங்கள்.

கோவை_கார்த்திகா

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். நான் மிசிசாகாவில் இருக்கிறேன். கோயம்புத்தூரில் இருக்கும் என் தங்கைக்கு ஒரு ஏஜென்ட் இதே கோர்ஸைச் சொல்கிறார். ஸ்டூடன்ட் விசாவில் வந்து படித்தால் வொர்க் பர்மிட், அப்புறம் பிஆர் என்று ஆசை காட்டுகிறார். அவள் பி.காம் முடித்து அங்கே ஒரு மருத்துவமனை பில்லிங் பிரிவில் வேலை பார்க்கிறாள். அனுப்பலாமா?

கணக்குப்பிள்ளை

தங்கச்சி, வெளிநாட்டு மாணவருக்கு விஷயம் முற்றிலும் வேறு. கட்டணமே பல மடங்கு. 2024இல் மாணவர் அனுமதிக்கு உச்சவரம்பு வைத்த பிறகு நிலைமை இன்னும் மாறிவிட்டது. 2024 நவம்பர் 1 முதல் ஸ்டடி பர்மிட்டுக்கு விண்ணப்பிக்கிறவர் கொலிஜ் டிப்ளோமா படித்தால், அந்தப் படிப்புத் துறை குடிவரவுத் திணைக்களத்தின் பட்டியலில் இருந்தால்தான் படிப்புக்குப் பிந்திய வேலை அனுமதி. பட்டியல் இடையில் மாறவும் செய்கிறது. ஏஜென்ட் வாயால் சொல்வதைக் கேட்காமல், அந்தக் கொலிஜிடம் படிப்புத் துறையைக் குறிக்கிற ஆறு இலக்க சிஐபி கோடை எழுத்தில் வாங்கி, திணைக்களத் தளத்தில் உள்ள பட்டியலோடு நீங்களே ஒப்பிட்டுப் பாருங்கள். தனியார் கேரியர் கொலிஜில் படித்தால் அந்த அனுமதி அறவே கிடையாது.

தங்கைக்கு அங்கே பில்லிங் அனுபவம் இருக்கிறது. அங்கிருந்தபடியே அமெரிக்க மெடிக்கல் கோடிங் படித்தால் சென்னையிலும் கோவையிலும் வேலை இருக்கிறது. இந்தப் படிப்பை நம்பி வீட்டை அடகு வைத்து அனுப்ப வேண்டாம் என்பது என் கருத்து.

கோவை_கார்த்திகா

ரொம்ப நன்றி அண்ணா. நகையை வைக்கலாமா என்றுதான் அப்பா பேசிக்கொண்டிருந்தார். முதலில் அந்தக் கோடைக் கேட்டு வாங்கச் சொல்கிறேன்.

ஆதவன்_மார்க்கம்

இன்னொரு கேள்வி. ஒன்லைன் புக்கிங் வந்துவிட்டது, டொக்டர் கதைப்பதைக் கேட்டுத் தானே குறிப்பு எழுதுகிற ஏஐ வந்துவிட்டது. இரண்டு வருடம் படித்து முடிக்கிற நேரம் இந்த வேலை இருக்குமா?

முன்மேசை

நியாயமான கேள்வி. ரெக்கோர்ட் பண்ணியதைக் கேட்டு ரைப் பண்ணுகிற வேலை குறைந்துவிட்டது உண்மை. அதை மட்டும் நம்பிப் படிக்க வேண்டாம். ஃபக்ஸை ஐந்து வருடத்துக்குள் ஒழிப்பதாக மாகாண அரசு 2023இல் சொன்னது, எங்கள் மெஷின் இன்றைக்கும் காலையில் இருந்து கத்துகிறது. ஒன்லைன் புக்கிங் வந்ததால் லேசான அழைப்புகள் குறைந்தன. மிஞ்சிய அழைப்புகள் எல்லாம் சிக்கலானவை. ஸ்பெஷலிஸ்ட் ரெஃபரலைத் திருப்பி அனுப்பிவிட்டார், வேறு யாரிடம் அனுப்பலாம்? எண்பது வயது அம்மாவுக்கு எம்ஆர்ஐ இரவு பதினொரு மணிக்குப் போட்டிருக்கிறார்கள், மாற்ற முடியுமா? இதற்கு ஆள் வேண்டும்.

அதோடு எங்கள் சனம். ஸ்காபரோவிலும் மார்க்கத்திலும் தமிழ் தெரிந்த ஆள் முன்மேசையில் இருப்பது எவ்வளவு பெரிய உதவி என்று வேலைக்கு வந்த பிறகுதான் விளங்கும். ஒரு அம்மம்மா வந்து "நெஞ்சுக்கை என்னவோ செய்யுது பிள்ளை" என்பார். எரிவா, குத்தா, இறுக்கமா, மூச்சு முட்டுகிறதா, எப்போது தொடங்கியது, கைக்குப் பரவுகிறதா என்று அவருடைய பேச்சிலேயே கேட்க முடிந்த ஆள் அங்கே நீங்கள் ஒருவர்தான். கேட்டதை அப்படியே நேர்ஸிடமோ டொக்டரிடமோ உடனே சொல்ல வேண்டும். "அது வாயுவாக இருக்கும் அம்மம்மா" என்று நாங்கள் தீர்மானிக்கக் கூடாது. அவர் கேட்டாலும் கூடாது.

இதன் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். தமிழ் ஆட்கள் வருகிற கிளினிக் என்றால் உங்கள் பிள்ளையின் நடன ஆசிரியை வருவார், கோயிலில் காண்கிறவர் வருவார், கணவரின் பெரியப்பா வருவார். அடுத்த கிழமை ஒரு கலியாண வீட்டில் ஒருவர் பக்கத்துக் கதிரையில் வந்து இருந்து, "அவை உங்கட கிளினிக்குக்கு வந்தவையாம், என்னவாம் வருத்தம்?" என்று மெல்லக் கேட்பார். அவர் வந்தார் என்பதைக்கூட நீங்கள் சொல்லக் கூடாது. "நான் வேலைக் கதை வெளியில் கதைப்பதில்லை" என்று சொல்லிவிட்டுச் சாப்பாட்டைப் பற்றிக் கதைக்க வேண்டும். முதலில் முகம் சுளிப்பார்கள். கொஞ்ச நாளில் அதே ஆட்கள் "அந்தப் பிள்ளை இருக்கிற இடத்தில் பயமில்லாமல் போகலாம்" என்பார்கள்.

பிப்பா என்று சொல்கிற தனிநபர் உடல்நலத் தகவல் சட்டம் 2004இல் இருந்து இருக்கிறது. வேலைத் தேவை இல்லாமல் ஒருவரின் ஃபைலைத் திறந்து பார்ப்பதே குற்றம். யாருக்கும் சொல்லாவிட்டாலும் குற்றம்தான். யார், எப்போது திறந்தார் என்று கொம்பியூட்டரில் பதிவாகும். 2024 ஜனவரியில் இருந்து, வழக்குக்குப் போகாமலே தனிநபருக்கு 50,000 டாலர் வரை தண்டம் விதிக்கத் தகவல் ஆணையருக்கு அதிகாரம் உண்டு. கூடப் பிறந்த தங்கச்சியின் இரத்தப் பரிசோதனையாக இருந்தாலும் கை வைக்காதேங்கோ.

வார்ட்_மேசை

ஒரு சின்ன மறுப்பு அக்கா. தமிழ் தெரியும் என்பதற்காக, டொக்டர் உள்ளே நோயாளியோடு கதைக்கும்போது எங்களை மொழிபெயர்க்கக் கூப்பிடுவது எல்லா நேரமும் சரியில்லை. மேசையில் கேட்டுச் சொல்வது வேறு, புற்றுநோய் என்ற செய்தியையோ ஒப்பரேஷன் சம்மதத்தையோ மொழிபெயர்ப்பது வேறு. ஆஸ்பத்திரியில் அதற்குப் பயிற்சி பெற்ற மொழிபெயர்ப்பாளர் சேவை இருக்கிறது, போனிலும் எடுக்கலாம். புதிதாக வருகிறவர்கள் உதவி செய்கிற மனதில் ஓம் என்றுவிடுவார்கள். பயிற்சி பெற்றவரை எடுங்கள் என்று மரியாதையாகச் சொல்லப் பழக வேண்டும்.

முன்மேசை

ஏற்றுக்கொள்கிறேன். சின்னக் கிளினிக்கில் அந்த வசதி குறைவு, அதனால் நாங்கள் செய்ய வேண்டி வருகிறது. ஆனால் கடுமையான செய்தி என்றால் குடும்பத்தில் யாரையும் நம்பாமல் சேவையைத்தான் எடுக்க வேண்டும்.

செவ்வந்தி

எல்லாரும் இவ்வளவு நேரம் எடுத்து எழுதியதற்கு நன்றி. நேற்று இரவு கணவரோடு இருந்து எல்லாவற்றையும் வாசித்தோம். இரண்டு வருட டிப்ளோமாவுக்கே போடுவோம் என்று முடிவு. பக்டரியில் கிழமை நாட்களை விட்டுச் சனி ஞாயிறு மட்டும் செய்யக் கேட்கப்போகிறேன்.

இன்னும் இரண்டு சந்தேகம். இங்கே கிரேட் பன்னிரண்டு முடிக்கவில்லை, என் உயர்தரச் சான்றிதழ் செல்லுமா? ரெலிபோன் பயத்துக்கு என்ன செய்யலாம்?

சொல்தேடி

அக்கா, பத்தொன்பது வயது தாண்டியவர் என்றால் மெச்சூர் ஸ்டூடன்ட்டாக விண்ணப்பிக்கலாம். ஆங்கிலத்துக்கும் சில இடத்தில் கணக்குக்கும் கொலிஜே ஒரு சோதனை வைக்கும். உயர்தரச் சான்றிதழை, வெளிநாட்டுப் படிப்பை மதிப்பிடுகிற வெஸ் நிறுவனம் மூலம் மதிப்பிட்டு வைத்திருந்தால் அதையும் காட்டலாம். சான்றிதழ் கையில் இல்லாவிட்டால் இலங்கைப் பரீட்சைத் திணைக்களத்தில் ஒன்லைனிலேயே கேட்டு எடுக்க முடியும், ஊரில் ஆளை அலைக்கத் தேவையில்லை.

விண்ணப்பம் எல்லா அரச கொலிஜுக்கும் ஒரே இடத்தில்தான், ஒன்ராறியோ கொலிஜஸ் டொட் சிஏ. செப்டம்பர் வகுப்புக்கு பெப்ரவரி 1க்குள் போட்டால் எல்லாரோடும் சமமாகப் பார்ப்பார்கள். பிறகும் போடலாம், இடம் இருந்தால்தான். ஆனால் போடுவதற்கு முன் அந்தந்தக் கொலிஜுக்கு அழைத்து, அந்தப் படிப்புக்கு இந்த வருடம் ஆள் எடுக்கிறார்களா என்று கேளுங்கள். வெளிநாட்டு மாணவர் குறைந்த பிறகு நிறையக் கொலிஜ் பல படிப்புகளை நிறுத்திவைத்திருக்கின்றன.

அந்த அழைப்பை நீங்களே எடுங்கள், கணவரை எடுக்கச் சொல்ல வேண்டாம். கேட்க வேண்டியதை முதலில் தாளில் எழுதி வையுங்கள்: ஆள் எடுக்கிறார்களா, பிளேஸ்மென்ட் எத்தனை மணி நேரம், எந்த ஈஎம்ஆர் (நோயாளர் பதிவு) சொஃப்ட்வேரில் பழக்குகிறார்கள், ஓஹிப் பில்லிங் தனிப் பாடமா, வகுப்பு ஒன்லைனா நேரிலா. விளங்காவிட்டால் திரும்பச் சொல்லக் கேளுங்கள், பெயரை எழுத்தெழுத்தாகச் சொல்லச் சொல்லுங்கள். ரெலிபோன் வகுப்பிலும் இதைத்தான் முதலில் பழக்குவார்கள்.

கணக்குப்பிள்ளை

வேலை போனவர்கள் யாராவது இதை வாசித்தால், பெட்டர் ஜொப்ஸ் ஒன்ராறியோ என்ற உதவித் திட்டம் இருக்கிறது. முன்பு செகன்ட் கரியர் என்ற பெயரில் இருந்தது. படிப்பில் சேர்ந்து காசு கட்டுவதற்கு முன்னாலேயே எம்ப்ளோய்மென்ட் ஒன்ராறியோ அலுவலகத்தில் கதைக்க வேண்டும், எந்தப் படிப்புக்குத் தருவார்கள் என்பதற்குக் கட்டுப்பாடு உண்டு. செவ்வந்தி வேலையில் இருப்பதால் ஓசாப் பக்கம் பார்ப்பதுதான் சரி.

செவ்வந்தி

இன்று மதிய இடைவேளையில் இரண்டு கொலிஜுக்கு அழைத்தேன், நானே கதைத்தேன். ஒன்றில் இந்த வருடம் ஆள் எடுக்கவில்லையாம். மற்றதில் எடுக்கிறார்கள், கடைசிச் செமஸ்டரில் பிளேஸ்மென்ட், பில்லிங் தனிப் பாடம். வருகிற வியாழன் தகவல் கூட்டத்துக்குப் பெயர் கொடுத்துவிட்டேன். ஸ்காபரோ பக்கத்தில் வேறு யாராவது வருவதாக இருந்தால் சொல்லுங்கள், சேர்ந்து போகலாம்.